பாடமாக்க முடியாத உயரம்

“அப்ப நீ சொல்லுறாய், சண்டைக்குப் போன இடத்திலை அவன் ஆறங்குலம் வளந்திட்டான் எண்டு?”

“நான் சொல்லேல்லை அப்பா. பேப்பர் சொல்லுது.”

“அப்பிடி என்ன சாப்பாடு குடுத்தவங்களாம்? தெரிஞ்சால் எனக்கும் சொல்லு.”

“பகிடி விடாதேங்கோ. மூண்டு மாசமா இந்த ஒரு ஆளோடை மல்லுக்கட்டுறன்.”

“சரி, சரி. முதல்லை இருந்து சொல்லு. ஆறுதலாச் சொல்லு. கியூ கார்டன்ஸ் வர இன்னும் எத்தினை ஸ்டேஷன் கிடக்கு.”

ரயில் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து புறப்பட்டு வீடுகளின் பின்பக்கங்களைக் காட்டிக்கொண்டு போனது. காயப் போட்ட துணிகள், கவிழ்த்து வைத்த குழந்தைச் சைக்கிள்கள், யாரும் உட்காராத வெள்ளை நாற்காலிகள். ஒரு நகரம் தன் முதுகை இப்படிக் காட்டுவது சுவர்ணாவுக்குப் பிடிக்கும். முன்பக்கத்தில் எல்லோரும் கதவுக்கு வண்ணம் பூசி வைத்திருப்பார்கள்.

பழைய ஏடுகளில் மனிதர்களைத் தேடித் தருவது அவளுடைய தொழில். அதற்காகத்தான் இன்று கியூவில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறாள். பாதிப் பேர் அமெரிக்காவிலிருந்து எழுதுவார்கள். எங்கள் முப்பாட்டன் இங்கிலாந்தில் எந்த ஊரில் பிறந்தான், எந்தக் கப்பலில் ஏறினான் என்று கேட்பார்கள். முப்பத்தேழு வயதில் அவளுக்குத் தன் உறவினரைவிட அந்த முப்பாட்டன்களைத்தான் அதிகம் தெரியும் என்று தம்பி கீர்த்தனன் கேலி செய்வான்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் அப்பா பாலேந்திரா. கடதாசியின்படி எழுபத்தொரு வயது. சென்ற ஞாயிறு தங்கள் மனோர் பார்க் வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர் இவர்தான்.

அன்று குழந்தைக்கு முப்பத்தொன்று, பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு. முருகன் கோயிலுக்குப் போய் வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கீர்த்தனன் மகளை மடியில் வைத்துக்கொண்டு, இவளுக்கு ‘ஆரணி பாலேந்திரா’ என்று பதியப் போகிறேன், இனிமேல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் குடும்பப் பெயர் என்று அறிவித்தான். ஆஸ்பத்திரியில் தாய்க்கு ஒரு பெயர், தகப்பனுக்கு ஒரு பெயர், பிள்ளைக்கு ஒரு பெயர் என்று மூன்று கைப்பட்டிகளைப் பார்த்து ஒரு தாதி குழம்பிப்போனதை எல்லோருக்கும் நடித்துக் காட்டினான்.

பேத்தியின் பெயருக்குப் பின்னால் தன் பெயர் வருகிறது என்றால் எந்தத் தாத்தாவும் மீசையைத் தடவிக்கொள்வார். அப்பாவோ சோற்றில் வைத்த கையோடு எழுந்தார். “அந்தப் பேர் வேண்டாம். வழக்கப்படி உன்ர பேரைப் போடு. ஆரணி கீர்த்தனன்” என்றார். ஏன் என்று கேட்டதற்குக் கைகழுவப் போய்விட்டார். நான்கு நாட்களாகத் தகப்பனும் மகனும் பேசவில்லை.

இன்று வியாழன். மாலை மூன்றரைக்குக் கவுன்சில் அலுவலகத்தில் பிறப்புப் பதிவு. கீர்த்தனன் காலையிலேயே வந்து குழந்தைக்கு உடுப்பு மாற்றச் சொல்லி அம்மாவை விரட்டிக்கொண்டிருந்தான். அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். “நானும் உன்னோடை வாறன் பிள்ளை. அந்தக் குளத்தடியிலை இருக்கிறன்” என்றார். அம்மா தவமலர் ஒன்றும் கேட்காமல் தேநீர்ச் சுடுகுடுவையை அவர் கையில் கொடுத்தாள்.

“ஆமோஸ் லிட்டன்” என்று தொடங்கினாள் சுவர்ணா. “லண்டன்லை பிறந்தவன். தகப்பன் கையுறை தைக்கிறவர். இவனும் அதே தொழில். இருபத்தொரு வயசிலை கப்பலேறிப் பென்சில்வேனியாவுக்குப் போறான். அங்கை ஒரு பக்கம் வெள்ளைக்காரர் காட்டை வெட்டிக் குடியேறினம். மற்றப் பக்கம், அந்தக் காட்டிலை முதலே இருந்த சனம். ரெண்டுக்கும் நடுவிலை மரத்தாலை கட்டின கோட்டையள்.”

“எல்லைப்படை.”

“ஓம். ஆயிரத்து எழுநூற்றி ஐம்பத்தாறிலை அவன் அதிலை சேருறான். சேரேக்கை எழுதின பதிவு இது.”

அவள் நகலை நீட்டினாள். அப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கடதாசியை மூக்குக்கு அருகே கொண்டுபோனார். முப்பது வருடம் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்தவர். எந்தக் கிறுக்கல் எழுத்தும் அவருக்கு விளங்கும்.

“வயது இருபத்திரண்டு. பிறந்த இடம் லண்டன். உயரம் ஐஞ்சடி நாலு. முகத்திலை அம்மைத் தழும்பு. கீழை வடிவாக் கையெழுத்து வைச்சிருக்கிறான்.”

“இது எட்டு வருசத்துக்குப் பிறகு. இன்னொரு படைப்பிரிவு.”

“வயது முப்பது. லண்டன். கையுறைத் தொழில். எல்லாம் சரிதானே… உயரம் ஐஞ்சடி பத்து.” அப்பா நிமிர்ந்தார். “தழும்பை எழுதேல்லை.”

“கையெழுத்தும் இல்லை. ஒரு சிலுவை மட்டும் கீறியிருக்கிறான்.”

“எழுதத் தெரிஞ்சவன் எழுத்தை மறப்பானோ?”

“கையிலை காயம் பட்டிருக்கலாம் எண்டு முந்தித் தேடினவை எழுதியிருக்கினம். உயரம், எழுதினவன்ர பிழையாம். போர் முடிய அவனுக்கு ஐம்பது ஏக்கர் நிலம் குடுக்கினம். கல்யாணம் கட்டுறான், ஏழு பிள்ளையள். இண்டைக்கு வரைக்கும் லிட்டன் எண்டு நூற்றுக்கணக்கான ஆக்கள். அதிலை ஒராள்தான் ரூத். எழுபத்தொன்பது வயசு. இதுக்கெண்டே வந்து நிக்கிறா. நாளைக்கு ஆமோஸுக்கு ஞானஸ்நானம் குடுத்த கோயில்லை, அவன்ர தகப்பன்ர கல்லறைக்குப் பக்கத்திலை சின்னக் கல் ஒண்டு வைக்கப் போறா. மகன் வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி இருக்குமாம்.”

அப்பா இரண்டு நகல்களையும் தொடைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு சிரித்தார். நான்கு நாட்களில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“எட பிள்ளை, மூண்டு மாசமோ மினக்கெட்டனி? இது தலைமாத்து.”

எண்பதுகளில் கொழும்பிலிருந்து புறப்பட்டவர்களிடம் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். ஒருவருடைய கடவுச்சீட்டு, அதில் இன்னொருவருடைய படம். தலையை மாற்றிவிட்டால் உடம்பு விமானத்தில் ஏறிவிடும். சுவர்ணா அந்தச் சொல்லை எத்தனையோ கலியாண வீடுகளில், சிரிப்புக்கு நடுவே கேட்டிருக்கிறாள். ஆயிரத்து எழுநூறுகளின் பனிக்காட்டில் அதைக் கொண்டுபோய் வைக்க அவளுக்குத் தோன்றியதே இல்லை.

“முதலாமவன் செத்துப்போனான்” என்றார் அப்பா. “ரெண்டாமவன் அவன்ர பேரை எடுத்துக்கொண்டு வந்திட்டான். அவனுக்கு ஒரு பேர் தேவைப்பட்டிருக்கும். எங்கையிருந்தோ ஓடி வந்தவனாய் இருப்பான்.”

“ஆனா வயது, ஊர், தொழில் எல்லாம் ஒத்து வருதே.”

“வராமல்? பிறந்த திகதி, ஊர், தகப்பன்ர தொழில், எல்லாத்தையும் பாடமாக்கலாம். உயரத்தைப் பாடமாக்கேலாது.”

சொல்லிவிட்டு அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரயில் ஒரு பாலத்தின் கீழ் புகுந்து இருண்டது. மீண்டும் வெளிச்சம் வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

*

ஆவணக் காப்பகத்தின் முன்னால் ஒரு பெரிய குளம் இருக்கிறது. நாரை ஒன்று எப்போதும் ஒரே கல்லில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்பாவை அதன் எதிரே ஒரு பெஞ்சில் இருத்திவிட்டு, சுவர்ணா பையைப் பெட்டியில் பூட்டி, பென்சிலும் மடிகணினியும் மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

இதுவரை அவள் ஆமோஸ் லிட்டனை உயிருள்ளவர்களின் பட்டியல்களில்தான் தேடியிருந்தாள். இன்று இறந்தவர்களிடையே தேட வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு தளபதியின் கடிதக்கட்டு வந்தது. பஞ்சு மெத்தையில் அதைக் கிடத்தி, ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். மாவு இல்லை. சப்பாத்து இல்லை. பனி வந்துவிட்டது. ஆட்கள் ஓடிப்போகிறார்கள். தளபதி ஒரே விஷயத்தைப் பல தேதிகளில் எழுதியிருந்தார். ஒன்றரை மணிக்கு, ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தெட்டாம் ஆண்டு நவம்பர் மாதக் கடிதத்தின் உள்ளே மடித்து வைத்த ஒரு சிறு தாள் கிடைத்தது. கோட்டையில் காய்ச்சலில் இறந்தவர்கள். ஒன்பது பெயர்கள். ஆறாவது:

ஆமோஸ் லிட்டன், லண்டன், கையுறை தைப்பவர்.

அவள் பென்சிலை வைத்துவிட்டாள்.

மரச் சுவர்களின் இடுக்கில் பனி நுழையும் ஒரு குடிசை அவள் கண்ணில் வந்தது. அதில் இரண்டு பேர். ஒருவன் காய்ச்சலில் கிடக்கிறான். மற்றவன், பெயரில்லாத அந்த உயரமானவன், தண்ணீர் கொடுக்கிறான். உன் தெருவின் பெயர் என்ன? உன் அப்பா எந்தத் தோலில் கையுறை தைப்பார்? அம்மா எப்படிக் கூப்பிடுவாள்? நட்பில்தான் கேட்டானோ, பாடமாக்கத்தான் கேட்டானோ. இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். பிறகு ஒரு காலையில் ஒருவன் மட்டும் எழுந்து பனியில் நடந்து போகிறான். அவனிடம் இப்போது ஒரு தெரு இருக்கிறது. அவன் பார்த்தேயிராத ஒரு தெரு.

உயரத்தைப் பாடமாக்க முடியாது.

அப்பாவுக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் தெரிந்தது?

பதினான்கு வயதில் ஒருநாள், அலுமாரியில் சுவர்ணா அப்பாவின் பழைய இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டெடுத்தாள். மீசை வைத்த, மெலிந்த அப்பா. உயரம் என்ற இடத்தில் ஐந்தடி ஒன்பது அங்குலம். அப்போதே அவள் அவரைவிட உயரம். அவர் ஐந்தடி நான்குகூட இருக்க மாட்டார். அவளும் தம்பியும் கேட்டுச் சிரித்தபோது, “லண்டன் குளிரிலை சுருங்கிப்போனன்” என்றார். அதன்பிறகு எத்தனை வருடம் அது அந்த வீட்டின் பகிடியாக இருந்தது! கம்பளிச் சட்டை இயந்திரத்தில் சுருங்கினால், ‘அப்பாவாப் போச்சு’ என்பார்கள்.

போன வருடம் ஹவுன்ஸ்லோவில் மண்டபம் எடுத்துக் கொண்டாடிய எழுபதாவது பிறந்த நாளும் அவள் நினைவுக்கு வந்தது. எல்லோரும் கைதட்ட, யாரோ ஒருவருடைய விருந்துக்கு வந்தவர்போல அப்பா ஓரமாக நின்றார். கத்தியைக் கையில் கொடுத்து அவரைக் கேக்கிற்கு முன்னால் தள்ள வேண்டியிருந்தது.

சுவர்ணா அந்தச் சிறு தாளைப் படம் எடுத்தாள்.

*

கீழே வந்தபோது மணி மூன்றேகால். பெஞ்சில் அப்பாவோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஊதா மழைச்சட்டை, நரைத்த பின்னல், கையில் சுடுகுடுவையின் மூடி நிறையத் தேநீர்.

“நான் முன்னதாகவே வந்துவிட்டேன்” என்றார் ரூத் லிட்டன், ஆங்கிலத்தில். “உங்கள் அப்பா என்னைக் காப்பாற்றினார். இதில் என்ன போடுகிறீர்கள்? நெஞ்சு வரை எரிகிறது. அருமை!”

“இஞ்சி” என்றார் அப்பா.

“ஆமோஸ் எத்தனை மரம் வெட்டினான், எத்தனை பிள்ளைகளைப் புதைத்தான் என்று எல்லாம் இவரிடம் சொல்லிவிட்டேன். இவ்வளவு கவனமாகக் கேட்பவரை நான் பார்த்ததில்லை. இருநூற்று அறுபது வருடமாக அந்தப் பெயர் ஒரு எழுத்து மாறாமல் வந்திருக்கிறது, இப்போது என் பேரனும் ஆமோஸ்தான் என்றேன். இவர் என்ன சொன்னார் தெரியுமா? எங்கள் வழக்கத்தில் ஒரு பெயர் ஒரு தலைமுறைதான் பின்னால் வரும், பிறகு நின்றுவிடும் என்றார்.” ரூத் குளத்தைப் பார்த்தார். “எனக்கு அது கவலையாக இருந்தது. இவருக்கு அது நிம்மதிபோலத் தெரிகிறது.”

சுவர்ணா அப்பாவைப் பார்த்தாள். அவர் நாரையைப் பார்த்தார்.

“ஏதாவது கிடைத்ததா?” என்று கேட்டார் ரூத்.

“கிடைத்தது. உள்ளே உட்கார்ந்து பேசலாம்.”

“அப்படியென்றால் நான் முதலில் கைகழுவி, முகம் துடைத்துக்கொண்டு வருகிறேன். இப்படியான செய்திகளைக் கலைந்த தலையோடு கேட்கக்கூடாது” என்று சிரித்துவிட்டு, ரூத் கண்ணாடிக் கதவுகளை நோக்கி மெல்ல நடந்தார்.

சுவர்ணா அவர் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். பலகை இன்னும் சூடாக இருந்தது.

“நீங்கள் சொன்னது சரி அப்பா. முதலாமவன் கோட்டையிலை செத்துப்போனான். கண்ணாலை பாத்திட்டன்.”

“ம்.”

“உங்கட பழைய பாஸ்போர்ட்டிலை ஐஞ்சடி ஒன்பது.”

அவர் சிரிக்கவில்லை. மூடியில் மிஞ்சியிருந்த தேநீரைப் புல்லில் ஊற்றினார்.

“ஓம்.”

“குளிரிலை சுருங்கினனான் எண்டு சொன்னீங்கள்.”

“சொன்னனான். நீங்கள் சிரிச்சீங்கள். சிரிக்கிற பிள்ளையளிட்டை வேறை என்னத்தைச் சொல்லுறது?”

“அது ஆரின்ர உயரம் அப்பா?”

“அண்ணையின்ர.”

அவர்கள் வீட்டுச் சாமியறையில் ஒரு படம் இருக்கிறது. கழுத்துப் பட்டி அகலமான சட்டை, நெடிய கழுத்து. எண்பத்து நான்கில் கொழும்பு பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டுத் திரும்பி வராதவர். குகதாசன் பெரியப்பா. அந்தப் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகள் இருவரும் ஒவ்வொரு வருடமும் கும்பிட்டு வளர்ந்தார்கள்.

“குகதாசன் பெரியப்பாவின்ரயோ?”

அப்பா தலையசைத்தார். ஆம் என்றும் இல்லை என்றும் இல்லாத ஓர் அசைவு.

“அண்ணைக்கு இஞ்சை படிக்க இடம் கிடைச்சு விசாவும் குத்தியாச்சு. டிக்கெட்டும் போட்டாச்சு. அவர் போன பஸ் வந்தது, அவர் வரேல்லை. பிரேதத்தையும் தரேல்லை. பாஸ்போர்ட் வீட்டிலை கிடந்தது. ஒரு மாசம் பாத்தம். அம்மாதான் சொன்னவ, அவன் போக இருந்த இடத்துக்கு நீயெண்டாலும் போ எண்டு. கொழும்பிலை ஒருத்தன் படத்தை மாத்தித் தந்தான். பிளேனிலை இருந்து அண்ணையின்ர பிறந்த திகதி, பள்ளிக்கூடம், வேலை செய்த இடம் எல்லாத்தையும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தனான். உயரத்தை ஒருத்தரும் கேக்கேல்லை.”

“அப்ப பாலேந்திரா…”

“அண்ணை.”

“நீங்கள்?”

நாரை ஒரு காலை மாற்றி வைத்தது.

“குகதாசன்” என்றார். நாக்குக்குப் பழக்கமில்லாத ஊர்ப்பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். “படத்திலை இருக்கிறவருக்கு ஒரு பேர் வேணுமே பிள்ளை. பாலேந்திரா உயிரோடை இருக்கேக்கை, செத்தவரையும் பாலேந்திரா எண்டு சொல்லேலுமே? என்ர பேர் சும்மா கிடந்தது. அதைக் குடுத்தன்.”

“வீட்டுக்கு வாற சொந்தக்காரர்…”

“அவை எல்லாரும் என்னை ராசன் எண்டுதானே கூப்பிடுறவை. வீட்டுப் பேர் இருக்கிறது எவ்வளவு வசதி. உன்ர அம்மாவுக்குத் தெரியும். எங்கட பொம்பிளையள் புருசன்ர பேரைச் சொல்லாததும் வசதிதான்.”

ஒவ்வொரு ஆடி மாதமும் கோயிலில் பெரியப்பாவின் திவசம். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். அப்பா எள்ளும் தண்ணீரும் கையில் ஏந்தி, குனிந்து சொல்வார். சிறுவயதில் அவரருகே தூக்கக் கலக்கத்தோடு நின்ற காலைகள் சுவர்ணாவின் நினைவுக்கு வந்தன.

“நாப்பது வருசமா உங்கட பேருக்கே எள்ளுத்தண்ணி இறைச்சனீங்களோ அப்பா?”

“பேர் என்ர. நட்சத்திரம் அண்ணையின்ர. நட்சத்திரத்தைப் பாத்து அவரிட்டைப் போய்ச் சேரும் எண்டு நினைச்சனான்.”

அவள் அவர் கையைப் பிடித்தாள். அதை அவர் விடவும் இல்லை, இறுக்கவும் இல்லை.

“கேள் பிள்ளை. உனக்கும் தம்பிக்கும் பின்னாலை அண்ணையின்ர பேர் வந்தது. பள்ளிக்கூடத்திலை கூப்பிடேக்கை, அண்ணையின்ர பிள்ளையளை வளக்கிறன் எண்டு மனதுக்குச் சொல்லிக்கொள்ளுவன். எங்கட வழக்கத்திலை அடுத்த தலைமுறைக்கு அது போகாது. உங்களோடை நிண்டிடும், நான் எடுத்துக்கொண்டு வந்ததும் அதோடை முடிஞ்சிடும் எண்டு இருந்தனான். இவன் வந்து அதைச் சந்ததிக்கும் ஆணியடிச்சு வைக்கப் போறான்.”

“பெரியப்பாவின்ர ஞாபகமா இருக்கட்டுமே அப்பா. அதிலை என்ன பிழை?”

“ஞாபகமாப் போட்டால் நான் காலிலை விழுந்து கும்பிடுவன். அவன் என்ர பேர் எண்டு நினைச்செல்லோ போடுறான்.” அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. குளத்தடியில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். “அந்தக் குழந்தைக்கு அண்ணை ஆரெண்டும் தெரியாது, நான் ஆரெண்டும் தெரியாது. ரெண்டு பேரையும் ஒரேயடியா இல்லாமல் செய்யிற வேலை அது.”

“அப்ப அவனுக்குச் சொல்லுங்கோவன்.”

“சொன்னால்? உன்ர பாஸ்போர்ட், அவன்ர பாஸ்போர்ட், அம்மாவின்ர, எல்லாம் நான் சொன்ன ஒரு பொய்யிலை நிக்குது. இவ்வளவு காலம் ஆரும் கேக்கேல்லை. நான் வாய் திறந்தால் அது எங்கை போய் நிக்கும்? நீ அந்த அமெரிக்காக்காரனை எவ்வளவு கெதியாப் பிடிச்சனி. அப்பிடி ஒருத்தன் என்னையும் பிடிப்பான்.”

“நீங்கள்தான் அவனைப் பிடிச்சது அப்பா. நானில்லை.”

அவர் சுடுகுடுவையின் மூடியைத் திருகி இறுக்கினார்.

ஆமோஸ் லிட்டனைப் பற்றி மூன்று மாதமாக ஒரு கேள்விதான் சுவர்ணாவிடம் இருந்தது: அவன் யார்? இப்போது வேறொன்று வந்து சேர்ந்தது. காட்டை வெட்டி, வீடு கட்டி, முதல் பிள்ளை பிறந்த அன்று, அந்த உயரமானவன் யாருடைய பெயரை அதற்கு வைக்க நினைத்திருப்பான்? வாய்வரை வந்த தன் சொந்தப் பெயரை அவன் என்ன செய்தான்? எந்தக் கடிதக்கட்டிலும் அது இருக்கப் போவதில்லை. காப்பகங்களில் மனிதர்கள் சொன்னவைதான் இருக்கும். விழுங்கியவை இருக்காது.

கண்ணாடிக் கதவு திறந்தது. ரூத் பின்னலைப் புதிதாகப் பின்னி, உதட்டுக்குச் சிறிது வண்ணம் பூசி, மாலை வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். தூரத்திலிருந்தே கையசைத்தார்.

அப்போது தொலைபேசி அதிர்ந்தது. கீர்த்தனன்.

சுவர்ணா அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியை அழுத்தினாள். பின்னணியில் குழந்தை சிணுங்குவதும், அவன் மனைவி கம்சிகா “ஷ்… ஷ்…” என்று ஆட்டுவதும் கேட்டன.

“அக்கா! கவுன்சில்லை ரெஜிஸ்ட்ராருக்கு முன்னாலை இருக்கிறம். எல்லாம் டைப் பண்ணியாச்சு. கம்சிகாவும் ஓம் எண்டிட்டா. ஒரு சின்னக் குழப்பம். என்ர பாஸ்போர்ட்டிலை பாலேந்திராக்கு இங்கிலீசிலை ‘D’ போட்டுக் கிடக்கு, உங்கடதிலை ‘TH’. எது சரியெண்டு இந்த மனிசி கேக்கிறா. ஒருக்கா எழுதினால் பேந்து மாத்துறது கரைச்சலாம். இனிச் சந்ததிக்கும் வாற பேர், பிழை விடேலாது.” அவன் குரல் தாழ்ந்தது. நான்கு நாள் கோபத்திற்கு அடியிலிருந்து ஒரு பையனின் குரல் வந்தது. “அப்பா கோவமாத்தான் இருப்பார், எனக்குத் தெரியும். எண்டாலும் அவரிட்டையே கேட்டுப் போடோணும் எண்டு கிடக்கு. பக்கத்திலைதானே நிக்கிறார்? ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ அக்கா, அப்பான்ர சரியான பேர் என்ன?”